வாயசைத்தால் போதுமா?

பிள்ளைகளைக் கடவுளுக்குக் கீழ்ப்படியும் வழியில் வளர்க்க வேண்டும் என்று முழங்காத போதகர் இல்லை. அதற்குத் தலையசைக்காத சபையாரும் இல்லர். ஆயின், அக்கீழ்ப்படிதலுக்கு விலை கொடுக்கும் நாள் வந்துவிட்டால் அதே நாக்குகள் வேறு பாட்டுப் பாடுகின்றன. "சற்றே விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைகளின் படிப்பன்றோ பெரிது?" என்பதே அப்பாட்டு.

கேரளத்தில் 1985ஆம் ஆண்டு ஒரு தந்தை இக்கேள்வியை எதிர்கொண்டார். அவருடைய குடும்பத்தினர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். பத்து, ஒன்பது, ஐந்து ஆகிய வகுப்புகளில் பயின்ற அவருடைய மூன்று பிள்ளைகளும் காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பர், பாடமாட்டார்கள். அந்தப் பாட்டின் சொற்கள்மீது அவர்களுக்கு வெறுப்பில்லை. எந்த நாட்டின் கீதமாயினும் அதைப் பாடுவது கடவுளுக்கு மட்டும் உரியதைப் பிறிதொன்றுக்குத் தருவதாகும் என்பது அவர்களின் நம்பிக்கை. இக்கோட்பாட்டை ஏற்காத கிறிஸ்தவர்களே மிகப் பலர். ஆனால் ஈண்டு வழக்கு கோட்பாட்டைப் பற்றியதன்று.

அப்பிள்ளைகளின் மூத்த சகோதரிகளும் முன்னர் அப்படித்தான் நின்றார்கள். எவரும் அதைக் குற்றமாகக் கருதவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணில் பட்ட பின்னரே அது தேசபக்திச் சிக்கலாக மாறியது. விசாரித்த குழு, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதித்தவர்கள் அல்லர் என்றே கூறியது. எனினும் ஜூலை 26ஆம் நாள், கல்வி அதிகாரியின் கட்டளைப்படி தலைமையாசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் ஆணை வரும் வரையிலேனும் வகுப்பில் இருக்க விடுமாறு தந்தை வேண்டினார். தம்மால் இயலாது என்பதே விடையாயிற்று.

தன் பிடிவாதத்திற்குப் பிள்ளைகளைப் பலியிட்டான் என்று அந்தத் தந்தையைப் பழிப்போர் உண்டு. அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? "வாயை மட்டும் அசைத்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். உலகெங்கும் பள்ளிக் கூட்டங்களின் பின்வரிசை இந்தக் கலையில் தேர்ந்தது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அந்த ஒரு சொல்லால் படிப்பு தப்பியிருக்கும். வழக்கு மன்றங்களின் வாசலும் தப்பியிருக்கும். அன்று வீட்டில் அப்பிள்ளைகள் கற்ற பாடமோ, உதடு ஒன்று, உள்ளம் ஒன்று என்பதாக இருந்திருக்கும். வாய்மையைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு, வாய்மையாக நின்ற மாணவனை வெளியே அனுப்பும் பள்ளி எதைக் கற்பிக்கிறது?

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெற்றோர் தாம் தியாகிகளாகலாம், பிள்ளைகளைத் தியாகிகளாக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதே பிரிவினர் தொடர்பான வேறொரு வழக்கில், கருத்துரைத்தது. நியாயமான சொல். நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவத்தை மறுக்கும் தந்தைக்கு இறைப்பற்று ஒரு கேடயமாகாது. அங்கே பிள்ளையின் உடலை அழிப்பது தந்தையின் முடிவே. கேரளத்திலோ பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர், படித்தனர், அமைதியாக நின்றனர். அவர்களைத் தியாகிகளாக்கியது தந்தையின் வேதமா, கல்வித்துறையின் பேனாவா?

அமெரிக்காவிலும் இதே கதை முன்னரே நடந்தது. பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் என்னும் ஊரில், கொடிக்கு வணக்கம் செலுத்தாத சிறுமியும் சிறுவனும் 1935இல் நீக்கப்பட்டனர். தந்தை மளிகைக் கடைக்காரர். ஊரார் அவருடைய கடையைப் புறக்கணித்தனர். 1940இல் உச்ச நீதிமன்றமும் அக்குடும்பத்தைக் கைவிட்டது. நாடெங்கும் அப்பிரிவினர்மீது கும்பல் தாக்குதல்கள் பெருகின. மூன்றே ஆண்டுகளில், 1943இல், இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அதுவும் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில்! கொடியைக் காக்கப் படைகள் போராடிய வேளையிலேயே, வணங்காத சிறுவனால் கொடிக்கு ஆபத்தில்லை என்று நீதிபதிகள் கண்டுகொண்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கேரளக் கல்வித்துறைக்கு அது தெரியவில்லை.

கேரள உயர் நீதிமன்றத்தில் தந்தை தோற்றார். உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1986 ஆகஸ்டு 11ஆம் நாள் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். பாடும்படி எவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை என்றும், மரியாதையுடன் எழுந்து நிற்பவர் கீதத்தை அவமதிப்பவர் அல்லர் என்றும் கூறி, பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டனர். கல்வித்துறை திறக்க மறுத்த கதவை நீதிமன்றம் திறக்கும்போது ஓராண்டு கடந்திருந்தது. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மூத்த பிள்ளைக்கு அது தேர்வு எழுத வேண்டிய ஆண்டு.