வயது சான்று தந்துவிட்டேன், காரணச் சான்று எங்கே?

எழுபது வயதுக்காரன் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், முதல் பரிசோதனை காருக்கு நடப்பதில்லை. "ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி தாமதமாக இழுக்கிறது" என்றேன். கவுண்டரில் இருந்த தம்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு என்ன வயசு?" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் வழியில் தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் என் வீட்டம்மா. முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் ஒதுங்கி மிதித்தேன். வண்டி யோசித்தது. பின்னால் பஸ் ஹாரன் அலறியது. பிறகுதான் இழுத்தது. அந்தக் கணவாயை அறிந்தவர்களுக்கு, அங்கே இரண்டு நொடி என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "திராட்டில் பாடியை முழுசா மாத்திடலாம், 18,000 ஆகும். இல்லேன்னா பெடல் பூஸ்டர் மாட்டிக்கோங்க, வண்டி பறக்கும்" என்றார்கள். போனில் மகன், "அப்பா, பேசாம டிரைவர் வெச்சுக்கலாமே" என்றான். ஆக, நோய் என்னவென்று யாருக்கும் தெரியாது. மருந்து மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

நான் குமாஸ்தாவாகக் காலம் கழித்தவன். கோப்பு தாமதமானால் எந்த மேஜையில் நிற்கிறது என்றுதான் முதலில் தேடுவோம். காரிலும் அதே கதைதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் பெடல் ஒரு கேபிளை இழுக்கும், கேபிள் கார்புரேட்டரின் தகட்டைத் திறக்கும். கேபிள் தளர்ந்தால் ஸ்பேனர் போதும். இன்றைய வண்டியில் பெடல் மனு மட்டுமே கொடுக்கிறது. பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் அதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. கம்ப்யூட்டர் உத்தரவிட, ஒரு சின்ன மோட்டார் தகட்டைத் திறக்கிறது. அந்தத் தகட்டுக்குப் புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் 'பப்பியோன்' என்று பெயர், அதாவது வண்ணத்துப்பூச்சி. அதன் சிறகில் கரி படிந்தால் எப்படிப் பறக்கும்?

பூஸ்டர் என்ன செய்கிறது? நீங்கள் பாதி மிதித்தால், முக்கால் மிதித்ததாகக் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. இன்ஜினுக்கு ஒரு குதிரைசக்தியும் கூடாது. கரி கரியாகவே இருக்கும். நின்றுபோன கோப்பின் மேல் 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

மேஜை மேஜையாகப் பாருங்கள். பெடலுக்கு அடியில் மிதியடி மடங்கியிருக்கிறதா? ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? இன்ஜின் சத்தம் உடனே ஏறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது, திராட்டிலைத் தொடாதீர்கள். சத்தமே தாமதமாக ஏறினால் காற்று, பெட்ரோல், சென்சார் இவற்றில் ஒன்று. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் ஸ்கேனரை மாட்டினால் குறைக்கான எண் வரலாம். உதாரணமாக 'பி 2138' வந்தால், இரண்டு சென்சார்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்போது வண்டி பாதுகாப்புக்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டர்போ வண்டியில் கொஞ்சம் தாமதம் இயல்பு. அதற்கு மருந்து வேண்டாம்.

கடத்தூரில் எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பி இந்த வரிசையில்தான் பார்த்தார். ஸ்கேனரில் எண் எதுவும் இல்லை. ஃபில்டரில் மண், தகட்டில் கரி. சாவியை எடுத்துவிட்டு, தகட்டைக் கையால் தள்ளாமல் ஸ்பிரே அடித்துத் துடைத்தார்; ஐடிலிங்கைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்கினார். புது ஃபில்டரோடு 1,400 ரூபாய். அடுத்த வாரம் அதே தொப்பூரில் அதே ஏற்றம், மிதித்ததும் இழுத்தது. என் கால் பழைய கால்தான்.

வயது ஒரு காரணமே இல்லை என்று நான் வாதாடவில்லை. நாற்பதைத் தாண்டியவர் உரிமம் புதுப்பிக்க, படிவம் 1ஏ-யில் மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்கிறது சட்டம். நியாயம்தான்; வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணும் காலும் ஒத்துழைக்காத நாளில் சாவியை நானே மகனிடம் கொடுப்பேன். ஆனால் என் காலுக்குச் சான்று கேட்கிறவர், 18,000 ரூபாய்ப் பொருளுக்குக் காரணச் சான்று தர வேண்டாமா?

என் வயதுக்காரர்களே, இனி மூன்றைக் கேளுங்கள்: ஸ்கேனரில் என்ன வந்தது? எதனால் இந்தப் பொருளை மாற்றுகிறீர்கள், எழுதித் தருவீர்களா? கழற்றிய பழைய பொருள் எங்கே? பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மெதுவாகவே நடக்கலாம், தவறில்லை.