டேப்புன்னு சொல்லி பஃபரை விக்கிறாங்க

விம் எடிட்டருக்கு எந்த டேப் பார் ப்ளகின் நல்லது என்கிற பஞ்சாயத்து மட்டும் ஓயவே மாட்டேங்குது. ஒருத்தர் பார்பார் என்பார், இன்னொருத்தர் பஃபர்லைன் என்பார். நடுவுல ஒரு பெருசு புகுந்து 'டேப்பே தேவையில்ல தம்பி' என்று அருள்வாக்கு சொல்லிட்டுப் போவார். நான் படிச்ச ஒப்பீடுகள் முக்கால்வாசி ஸ்கிரீன்ஷாட்டை வெச்சுத்தான் நடக்குது. ஐகான் அழகா இருக்கு, முனை சாய்வா இருக்கு, கலர் தீமோட ஒட்டிப் போகுது. மாப்பிள்ளை பார்க்கப் போய் சட்டையை மட்டும் பார்த்துட்டு வந்த கதைதான்.

என் கட்சி இது. டேப் பார் ப்ளகின் கிட்ட கேட்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு. நீ டேப்புன்னு காட்டுறது உண்மையில் என்ன? அதை மூடினா என்ன ஆகும்? மத்ததெல்லாம் பெயின்ட்.

விம் தெரிஞ்சவங்க இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போயிடுங்க. வீட்டு வாசலில் ஒரு தென்னை மரம் நிக்குதுன்னு வெச்சுக்குங்க. மரம்தான் பஃபர், அதாவது மெமரியில் ஏற்றப்பட்ட கோப்பு. ஜன்னல்தான் விண்டோ. ஜன்னல்கள் இருக்கிற ரூம்தான் டேப். ஒரே மரம் ஹால் ஜன்னலிலும் தெரியும், அடுப்படி ஜன்னலிலும் தெரியும். ரூமைப் பூட்டினா மரம் சாயாது. அதே சமயம், விம்மின் பிடெலிட் கட்டளையைக் கொடுத்தா மரத்தை மட்டும் வெட்டாது, அதைப் பார்த்துக்கிட்டிருந்த ஜன்னலையும் சேர்த்து செங்கல் வெச்சு அடைச்சுட்டுப் போயிடும். நீங்க பார்த்துப் பார்த்துப் பிரிச்சு வெச்ச திரை கோவிந்தா!

2006-ல் விம் 7 வந்தபோதுதான் இந்த டேப் என்கிற சமாச்சாரமே விம்முக்குள் வந்தது. அதுக்கு முன்னால் மினிபஃப் எக்ஸ்ப்ளோரர் என்ற ப்ளகின், மேலே ஒரு சின்ன விண்டோவைத் திறந்து பஃபர் பெயர்களை வரிசையாகக் காட்டும். பேரிலேயே பஃபர் இருந்தது. டேப் வந்தப்புறம்தான் குழப்பமே ஆரம்பம். சப்லைம், விஎஸ் கோட் என்று பழகி வந்த கூட்டத்துக்கு ஒரு டேப்புன்னா ஒரு கோப்பு. விம்மில் ஒரு டேப்புன்னா ஒரு ரூம். ரெண்டையும் ஒரே பட்டியில், ஒரே பேரில் காட்ட ஆரம்பிச்சாங்க. ஈமேக்ஸ்காரர்கள் இந்த விஷயத்தில் உஷார். 2020-ல் ஈமேக்ஸ் 27 வந்தபோது டேப் பார் என்று ஒன்று, டேப் லைன் என்று வேறொன்று, ரெண்டு தனி வசதியாகக் கொடுத்தார்கள். முன்னது ரூம்களைக் காட்டும், பின்னது பஃபர்களைக் காட்டும். பேர் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலை வேறன்னு தெளிவா இருக்கு.

சரி, ரெண்டு கேள்வியையும் வெச்சு ஒவ்வொண்ணா உரசிப் பார்ப்போம்.

ஏர்லைன்: டேப்லைன் வசதியை இயக்கினால், ஒரே ஒரு டேப் இருக்கும்வரை பஃபர்களைக் காட்டும். ரெண்டாவது டேப்பைத் திறந்ததும் அதே பட்டியில் டேப்புகள் வந்து உட்கார்ந்துக்கும். மூலையில் இது எதுன்னு எழுதியும் வெச்சிருக்கும், இல்லேங்கல. ஆனா பஸ் போர்டில் ஊர் பேரை நடுவழியில் மாத்திட்டு, கீழே சின்னதா எழுதியிருக்கோமேன்னு சொன்னா யார் ஒத்துப்பாங்க?

பஃப்டேப்லைன்: பட்டியில் பஃபர் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிடும். விம் டேப்பை மறந்துடுங்க என்பதுதான் அதன் கொள்கை. நேர்மையான கட்சி. நீங்க டேப்புகளைப் பயன்படுத்துற ஆளா இருந்தா இது உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பார்பார்: நியோவிம் பக்கத்து ஆளு. மூடுறதுக்குன்னு தனிக் கட்டளை வெச்சிருக்கு, அதைக் கொடுத்தா மரம் போகும், ஜன்னல் நிக்கும். ரெண்டாவது கேள்வியில் பாஸ். ஒரு எழுத்தை அழுத்தினா அந்த பஃபருக்குத் தாவுற வசதியும் இருக்கு, கைக்கு ரொம்பச் சவுகரியம்.

பஃபர்லைன்: ஸ்கிரீன்ஷாட் போட்டியில் இதுதான் எப்பவும் மாப்பிள்ளை. ஒரு விஷயத்தில் பாராட்டணும். மோடு என்ற ஒரே அமைப்பில் பஃபரா டேப்பான்னு நீங்களே சொல்லிடலாம். ஆனா மூடும் கட்டளை என்ன தெரியுமா? அதன் ஆவணத்தில் இருக்கிற இயல்பு அமைப்பு, ஆச்சரியக்குறி போட்ட பிடெலிட். ஆச்சரியக்குறின்னா 'சேமிக்காத மாற்றம் இருந்தாலும் பரவாயில்லை, தூக்கிக் கடாசு' என்று அர்த்தம். சின்னப் பெருக்கல் குறியில் மவுசை வெச்சா அதுதான் நடக்கணும்னு எழுதி வெச்சிருக்காங்க. இதைத் தன் தொகுப்பில் சேர்த்த லேஸிவிம், அந்தக் கட்டளையை மாத்தி வேற வழியில் மூட வெச்சிருக்கு. அதுவே போதும், பிரச்சனை இருக்குன்னு சொல்ல. எத்தனை ஒப்பீட்டில் இந்த ஒரு வரியை எழுதியிருக்காங்க சொல்லுங்க? சாய்வு முனைக்கு ரெண்டு பத்தி எழுதுறவங்களுக்கு இதுக்கு ஒரு வரி கிடைக்கல.

மினி டேப்லைன்: பேருக்கேத்த மாதிரி சின்னது. பஃபர்களைக் காட்டும். டேப் ஒண்ணுக்கு மேல இருந்தா ஓரத்தில் எத்தனையாவது டேப்புன்னு தனியா காட்டும். ஒரே பேரில் நாலு கோப்பு இருந்தா, அடையாளம் தெரியுற அளவுக்கு ஃபோல்டர் பேரைச் சேர்த்துக்கும். இன்டெக்ஸ்னு பத்து கோப்பு வெச்சிருக்கிற புராஜெக்டில் பொட்டி தட்டுறவங்களுக்கு இதன் அருமை புரியும்.

'இவ்வளவு கோபம் தேவையா, வெறும் பட்டிதானே'ன்னு கேப்பீங்க. எங்க டீமில் புதுசா வந்த தம்பி ஒருத்தன், ராத்திரி நேரத்தில் சர்வருக்குள் போய் ஒரு பிரச்சனையைத் தேடிக்கிட்டிருந்தான். இடது பக்கம் லாக், வலது பக்கம் கான்ஃபிக், கீழே ஸ்கிரிப்ட். அங்கே ப்ளகின் கிடையாது, மொட்டை விம்தான். லாக் பார்த்து முடிச்சாச்சுன்னு பிடெலிட் அடிச்சான். இடது பக்கமே காணாமப் போச்சு. 'அண்ணே, இந்த விம்முல பக் இருக்கு' என்றான். பக் விம்மில் இல்லை. அவன் லேப்டாப்பில் இருந்த அழகான பட்டி, ஒரு கோப்புன்னா ஒரு டேப்புன்னு ஆறு மாசமா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அவன் மேல என்ன தப்பு?

இதைக் கேட்டதும் மேலே சொன்ன பெருசு, 'அதான் சொன்னேன், எல்எஸ் கட்டளை இருக்கு, பி போட்டு பேர்ல ரெண்டு எழுத்து அடிச்சா போதும்' என்று வருவார். ஐயா, நானும் அதைத்தான் அடிக்கிறேன். கண்ட்ரோலும் ஆறும் சேர்த்து அழுத்தி முந்தின கோப்புக்குத் தாவுறதுக்கு ஈடா ஒரு ப்ளகினும் கிடையாது. ஆனா எத்தனை கோப்பு திறந்திருக்கு, எதை இன்னும் சேமிக்கலைன்னு கண்ணால் பார்க்க நினைக்கிறது குத்தமா? ஞாபகசக்திப் போட்டி நடத்தவா நாம எடிட்டர் திறக்கிறோம்? பட்டி இருக்கட்டும். பொய் சொல்லாம இருக்கட்டும்.

ஆகவே மக்களே, என் தீர்ப்பு: விம் என்றால் பஃப்டேப்லைன். நியோவிம் என்றால் மினி டேப்லைன், மவுசில் மூடும் பழக்கம் இருந்தா பார்பார். பஃபர்லைன்தான் வேணும்னு அடம் பிடிச்சா, முதல் வேலையா அந்த மூடும் கட்டளையை மாத்துங்க, கலரை அப்புறம் பாருங்க. புதுசா ஒருத்தருக்கு விம் சொல்லிக் கொடுத்தா, ப்ளகின் போடுறதுக்கு முன்னால் மரம், ஜன்னல், ரூம் மூணையும் சொல்லிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

பி.கு: பஃபர்லைன் ரசிகர் மன்றத்தினர் ஆட்டோ அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் பெருக்கல் குறியை மட்டும் அழுத்தாதீங்க, இந்தப் பதிவை இன்னும் சேமிக்கல :-)