எம்டனுக்கு என்ன கலர்?

வில்பட்டி வாசகர் ஒருவர், பூண்டு விற்ற கையோடு எம்டன் கப்பல் மாடல் கிட் வாங்கியிருக்கிறாராம். "பேரனும் நானும் ஒட்டப் போறோம். அவன் வெள்ளை அடிக்கணும்கிறான், நான் சாம்பல்ங்கிறேன். எது சரி?" என்று கேட்கிறார்.

இரண்டும் சரிதான். எந்த நாளின் எம்டன் வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

1909-ல் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்து, சீனக் கடற்கரைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அது வெள்ளை. 'கிழக்கின் அன்னம்' என்றே பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது சாம்பல் எம்டன். அரை மணிக்குள் நூற்றுச் சொச்சம் குண்டுகள். ஹைகோர்ட் மதிலில் அதற்கொரு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். "அவன் சரியான எம்டன்டா" என்கிறோமே, அந்த ராத்திரி தந்த சொல் அது. அதனால் என் ஓட்டு தாத்தாவுக்கு. (இருட்டில் யாருக்குக் கலர் தெரிந்தது என்று பேரன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை!)

கிட்டில் புகைபோக்கி மூன்றுதான் இருக்கும். பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய, கேப்டன் முல்லர் மரச்சட்டம், துணி வைத்துப் பொய்யாக நாலாவது ஒன்றை நிறுத்தினார். அந்த வேஷத்தில்தான் அக்டோபர் 28-ல் பினாங்குக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அட்டையைச் சுருட்டினால் நாலாவது ரெடி. அந்த வேலை பேரனுக்கு.

118 மீட்டர் கப்பல், 1:350 அளவில் 34 சென்டிமீட்டர். ஆள் உயரம் 5 மில்லிமீட்டர். மேல்தளத்தில் செண்பகராமன் பிள்ளை பொம்மை வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அவர் எம்டனில் வந்தார் என்பது நம்மூர்க் கதை. அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார்.

முல்லர் பிடித்த கப்பல்களின் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டவர், நிஜம். சென்னைத் துறைமுகத்தில் அன்று உயிர் போனதும் நிஜம். பேரனிடம் இரண்டையும் சொல்லுங்கள். கிட் பெட்டியின் படத்தில் கடலும் கப்பலும்தான் இருக்கும்.

எம்டனின் தளக் கவசம் 80 மில்லிமீட்டர் வரை. நவம்பர் 9-ல், கோகோஸ் தீவில், ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' பீரங்கிகளுக்கு முன் அது போதவில்லை.

ஒட்டும்முன் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். உங்கள் ஊர் மூடுபனியில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறியதும் மெல்லிசாக ஒரு கோட். அடுத்தது மறுநாள்தான், பேரன் எவ்வளவு அடம் பிடித்தாலும்.