பழைய எண் 14-ஆ, புதிய எண் 14-ஆ?



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை நள்ளிரவில் 108 வண்டி நம் தெருவில் மேலும் கீழுமாகப் போய்வந்ததைச் சிலர் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். கணவருக்கு நெஞ்சுவலி என்று போன் செய்த பெரியம்மா, பதற்றத்தில் “பதினாலாம் நம்பர்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் வீடு பழைய எண் 14. புதிய கணக்கில் 27. வண்டி நின்றதோ புதிய எண் 14-இன் வாசலில். அந்த வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் வந்து “இங்கே யாருக்கும் ஒண்ணுமில்லையே” என்று விழிக்க, டிரைவர் செல்போன் டார்ச்சை ஒவ்வொரு கேட்டிலும் அடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு வீட்டின் எண்ணைக் காகிதப்பூக் கொடி மூடியிருந்தது. இன்னொன்றில் பொங்கலுக்கு அடித்த பெயின்ட் எண்ணையும் சேர்த்து விழுங்கியிருந்தது. அடுத்த வீட்டில் எண்ணுக்கு மேல் ‘டூ-லெட்’ பலகை. பெரியவர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. டார்ச்சோடு கழிந்த அந்தப் பத்து நிமிடம்தான் எழுத வைக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்தப் ‘பழைய எண், புதிய எண்’ விவகாரம் பழகிப்போன ஒன்று. நம் தெருவில் பழைய எண்கள் ஒரு வரிசையில் கடைசிவரை போய் எதிர்வரிசையில் திரும்பி வருகின்றன. புதிய எண்களில் ஒற்றைப்படை ஒருபுறம், இரட்டைப்படை மறுபுறம். அதனால் புதிய 14 இருப்பது பழைய 54-இல்! போதாததற்கு நாம் போடும் சாய்கோடு. ஒரே வீட்டுக்கு மின்கட்டண அட்டையில் 14/27, சொத்துவரி ரசீதில் 27/14, வாக்காளர் பட்டியலில் வெறும் 14. எது பழசு, எது புதுசு என்று கூரியர் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? 14/2 என்று எழுதினால் மாடிப் போர்ஷன் என்றும் பொருள்படும். தயவுசெய்து சாய்கோட்டை விட்டுவிட்டு, “புதிய எண் 27, பழைய எண் 14” என்று முழுதாகவே எழுதுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தளத்தையும் பிளாட் எண்ணையும் சேருங்கள்.

தெருப் பெயரிலும் கவனம் வேண்டும். 2011-இல் சுற்றுவட்டார நகராட்சிகளும் ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்து 155 வார்டுகள் 200 ஆனபோது, ஒவ்வோர் ஊரின் காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் கூடவே வந்து சேர்ந்தன. ஆகவே பகுதிப் பெயரும் பின்கோடும் இல்லாத முகவரி அரை முகவரிதான். பின்கோட்டின் கடைசி மூன்று இலக்கங்கள் எந்தத் தபால் நிலையம் பட்டுவாடா செய்கிறது என்பதைச் சொல்பவை. அங்கே ஓர் எண் பிசகினால் கடிதம் வேறு பேட்டைக்குப் போய்விடும்.

அடையாளம் சொல்வதில் நாம் சூரர்கள். “வேப்பமரத்து வீடு” என்று இன்றும் சொல்கிறோம். அந்த மரம் 2016 வர்தா புயலில் சாய்ந்துவிட்டது.

லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒரு குறியீடு என்று தபால் துறை 2025-இல் டிஜிபின் கூடக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி நடுராத்திரியில் சொல்லப்போவது வீட்டு எண்ணைத்தான்.

எண்ணை எங்கே எழுதுவது என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் நமக்குக் காட்டியது. காம்பவுண்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் அழகாகப் பதித்த டைல்ஸ் எண்களெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் முழுகிவிட, படகில் வந்தவர்கள் குரல் கொடுத்துக் குரல் கொடுத்துத்தான் வீடுகளைக் கண்டுபிடித்தார்கள். எனவே தலை உயரத்துக்குக் குறையாமல், தெருவிளக்கு படும் பக்கமாக எண் இருக்கட்டும்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தார் வீடு வீடாக வருகிறோம். சொத்துவரி ரசீது, மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை மூன்றையும் எடுத்து வையுங்கள். முகவரி எங்கே வேறுபடுகிறது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம். முதலில் சொத்துவரிப் பதிவைச் சரிசெய்வது நல்லது. மற்ற இடங்களில் முகவரிச் சான்றாகக் காட்ட அந்த ரசீது உதவும். வாக்காளர் பட்டியலில் திருத்தத்துக்குப் படிவம் 8. அதை நிரப்ப நாங்கள் உதவுகிறோம். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் குடியிருப்பவர்களிடம் இரண்டு எண்களையும் சொல்லி, போனுக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பெயின்டரும் எங்களோடு வருவார். நீலத்தில் வெள்ளை எழுத்து. புதிய எண் பெரிதாக, பழைய எண் அதன் கீழே சிறிதாக. செலவு சங்கத்துடையது. காகிதப்பூக் கொடியை மட்டும் அதற்குள் கொஞ்சம் வெட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தார்