கொல்லைப்புறத்தில் 'ஃபயர் பிட்' வைக்கலாமா? டொராண்டோ விதி சொல்வது என்ன?

கடையில் விற்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால், கொல்லையில் வைத்து விறகு போட்டுப் பற்ற வைத்தால் அது விதிமீறல். கனடாவின் டொராண்டோ நகரில் 'ஃபயர் பிட்' எனப்படும் நெருப்புத் தொட்டிக்கு இதுதான் நிலைமை. ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்கள் அதிகம் என்பதால், நம்மவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வருவதுண்டு.

எதற்குத் தடை?

முன் அனுமதி இல்லாமல் திறந்தவெளியில் விறகு, இலை, குப்பை எதையும் எரிக்கக் கூடாது. 'சொந்த வீடு, சொந்த இடம்' என்ற வாதமெல்லாம் எடுபடாது.

அப்போ எதற்கு அனுமதி?

* சமையல்: பார்பிக்யூ அடுப்பில் சமைக்கலாம். ஒன்டாரியோ மாகாணத் தீ விதிப்படி, நெருப்பு சிறியதாக இருக்க வேண்டும். அணையும் வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
* எரிவாயு: தரச்சான்று பெற்ற கேஸ் நெருப்புத் தொட்டியைத் தயாரிப்பாளர் சொன்ன முறையில் பயன்படுத்தலாம்.
* பூங்கா: சில பூங்காக்களில் நெருப்பு மூட்டத் தனி இடம் உண்டு. மாநகராட்சியிடம் பெர்மிட் வாங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

முதல் காரணம், நெருக்கம். பல தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. கட்டுமானத்தில் மரமும் அதிகம். காற்றில் ஒரு பொறி பறந்தாலே போதும்.

இரண்டாவது, புகை. விறகுப் புகையில் இருக்கும் 'பி.எம். 2.5' நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்குதான். நேராக நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். ஒரு வீட்டுக்குப் பொழுதுபோக்கு. பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது மூச்சுத்திணறல். வேலி புகையைத் தடுக்காது. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை நகரத்தையே மூடியபோது, இதை எல்லோருமே நேரில் அனுபவித்தார்கள்.

விறகடுப்பில் பொங்கல் வைக்கலாமா?

இங்கேதான் கவனம் தேவை. சமையலுக்கான விலக்கு பார்பிக்யூ, கிரில் அடுப்புகளை வைத்து எழுதப்பட்டது. மூன்று கல் வைத்து விறகு மூட்டுவது அதில் அடங்கும் என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, மார்க்கம், பிராம்ப்டன் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். அங்கே விதிகளும் வேறு. உறவினர் வீட்டில் மூட்டினார்களே என்று நம்ம வீட்டிலும் மூட்டிவிட முடியாது. வாங்கும் முன் உங்கள் நகர விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.