குடியை விட்டவருக்கு நம் கடமை

மதுவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கடையைத் திறப்பதா, மூடுவதா என்பதே வாதமாகிவிடுகிறது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி இராஜாஜி ஆட்சியில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கிற்று. 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளையும் நடத்தி வருகிறது. இவ்வளவு காலம் கடையைப் பற்றி வாதிட்ட நாம், குடியை விட்டுவிட்ட மனிதரைப் பற்றி எண்ணியது மிகக் குறைவு. விட்ட பின் அவர் உடலிலும் மனத்திலும் நிகழ்வதை அறியாமையால், திருந்த வந்தவரையும் நாம் இழக்கிறோம்.

பொம்மையார்பாளையம் வட்டார அங்கத்தினர்களுக்கு இது பிறர் கதையன்று. தெற்கே சில கல் தொலைவில் புதுச்சேரி. மலிவான மதுவுக்கு நெடுநாளாகப் பெயர் பெற்ற ஊர். வடக்கே, இதே கடற்கரையில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் பலியாயினர். அத்தகைய சாவு பத்திரிகையில் வருகிறது. ஒருவர் குடியை விட முயன்று, துணையின்றித் தோற்பது எதிலும் வருவதில்லை.

முதலில் உடலைக் காண்போம். மது நரம்புகளை மந்தப்படுத்துவது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன்னை எப்போதும் முறுக்கிவைத்துக்கொள்கிறது. வடம் இழுப்பதில் ஒரு பக்கத்தார் திடீரெனக் கைவிட்டால் மறுபக்கத்தார் நிலைகுலைந்து விழுவர் அல்லவா? குடியை நிறுத்தியதும் அதுவே நேர்கிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை, இல்லாததைக் காணும் சன்னி நிலையும் உண்டாகலாம்; அது உயிருக்கே ஆபத்து. ஆகவே, பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவரை வீட்டில் அடைத்துவைத்துக் குடியை நிறுத்துவது வீரமன்று. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. நடுக்கத்துக்கு மருந்தும், தயமின் என்னும் வைட்டமினும் மருத்துவர் கையால் கிடைக்க வேண்டும்.

அந்த வாரம் கடந்தால் நல்ல காலம் தொடங்குகிறது. பசி திரும்பும். கல்லீரலில் படிந்த கொழுப்பு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலோர்க்குக் குறையத் தொடங்கும். இரத்த அழுத்தமும் தணியும். ஈரல் சுருங்கித் தழும்பேறியவருக்கு அது முற்றும் மாறுவது அரிது. எனினும் விட்டவருக்கு ஆயுள் நீளும்.

மனமோ உடலைவிட மெதுவாகவே தேறுகிறது. இதைத்தான் நாம் உணர்வதில்லை. குடித்து இன்புற்றுப் பழகிய மூளைக்குச் சில காலம் எதிலும் சுவை தோன்றாது. உறக்கம் மாதக்கணக்கில் சீர்படாதிருக்கலாம். எரிச்சலும் சோர்வும் மறதியும் இருக்கும். சோர்வு பலருக்குச் சில வாரங்களில் விலகும். நினைவும் கவனமும் தெளிய மாதங்கள் ஆகும். “குடித்தபோதே இவர் நல்லவராயிருந்தார்” என்று வீட்டார் சலித்துக்கொள்வதும், “விட்டும் பயனில்லை” என்று அவரே எண்ணுவதும் இந்த இடைவெளியில்தான். மீண்டும் குடியில் விழுவோரும் பெரும்பாலும் இந்த மாதங்களிலேயே விழுகின்றனர்.

இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. குடிகாரர் என்று பெயரெடுத்தவர் விட்டு இரண்டு மாதமாகியும், கடன் மனுவைப் பழைய பெயருக்காகவே தள்ளிவைக்கும் நிர்வாகக் குழுக்கள் உண்டு. “சங்கப் பணம் எல்லார் பணமும் அல்லவா?” என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பெருந்தொகையைக் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. நெசவாளிக்கு நூலாகவும், மணிலா பயிரிடுவோர்க்கு விதையாகவும் உரமாகவும், சிறு தவணைகளில் கொடுக்கலாம். கூலி வீட்டாருக்கும் தெரிய வங்கிக் கணக்கில் சேரட்டும். கை நடுங்கும் முதல் வாரங்களில் நுண்ணிய வேலைப்பாட்டுச் சேலையைக் கேளாமல் எளிய ரகத்தைத் தரலாம்.

துணையும் வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் குடியை விட்டவர் இருவர் ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கியதே இன்று உலகெங்கும் பரவிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம். அதன் கருத்து நம் கூட்டுறவுக் கருத்தே. குடியை விட்டு ஓராண்டு கடந்த அங்கத்தினர் ஒருவர், புதிதாக விட்டவரை வாரம் ஒருமுறை கண்டு பேசினாலே பெரிய பலம். கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவரை வற்புறுத்தி ஊற்றிக்கொடுப்பதை நாம் ஒவ்வொருவரும் நிறுத்த வேண்டும். ஒருமுறை சறுக்கினால் “தெரிந்த கதைதான்” என்று நகையாமல், மறுபடி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

விளைச்சலை நட்ட மறுநாளே யாரும் கேட்பதில்லை. குடியை விட்ட மனிதருக்கும் ஓராண்டு தவணை கொடுப்போம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.