பேரைப் பார்த்துக் குதிரை வாங்கலாமா?

பஸ் பாஸில் காலேஜுக்கு வருகிற பயல் குதிரை வாங்குவதைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். குதிரை எனக்கல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு. பதிமூன்று வயசு. இரண்டு வருஷமாக இங்கிலீஷ் முறையில் சவாரி பழகுகிறாள். போன வருஷம் சொந்தமாக ஒரு 'குவார்ட்டர்' குதிரை வாங்குவது என்று முடிவாயிற்று. அத்தான் போட்டோ அனுப்பினார். எங்கள் தாத்தா நாற்பது வருஷம் ஜட்கா ஓட்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆளு ஜம்முனுதான் இருக்கான். காலைத் தூக்கிப் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்துதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் ஓட்டத்தில் மற்ற இனங்களை முந்துவதால் வந்த பெயர் அது. மாடு மேய்ப்பவர்களின் குதிரை. 1940-ல் இதற்கென்று சங்கம் வைத்துப் பதிவேடு தொடங்கினார்கள். மாட்டுக்காரர் சேணத்தில் கயிறு கட்ட முன்னால் ஒரு கொம்பு உண்டு. கடிவாள வார் ஒரே கையில். இங்கிலீஷ் சேணமோ தட்டை. வாரை இரண்டு கையிலும் பிடித்து, குதிரையின் வாயோடு தொடர்பு விடாமல் ஓட்ட வேண்டும்.

"மாட்டுக் குதிரைக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்பவர்கள் அங்கேயே உண்டு. வரும் என்பதே என் கட்சி. சாதுவான குணம், அந்தச் சங்கமே இங்கிலீஷ் சேணத்தில் போட்டி நடத்துகிறது. ஆனால் எல்லாக் குவார்ட்டருக்கும் வராது! லேத்தும் மெஷின்தான், டிரில்லிங்கும் மெஷின்தான். ஒன்றின் வேலையை மற்றதில் வாங்க முடியுமா? மாட்டை மறிக்க வளர்த்த வம்சம் குட்டை, எட்டும் சின்னது. தரோப்ரெட் பந்தயக் குதிரையோடு கலந்த வம்சம் உயரம், எட்டு நீளம். இங்கிலீஷ் சவாரிக்கு அதுதான் தோது.

அத்தான் பார்த்தது மூன்றாவது ரகம். கண்காட்சியில் நிறுத்தி அழகு பார்க்க வளர்த்த வம்சம், சதை திரண்டது. 1969-ல் பிறந்த 'இம்ப்ரெஸிவ்' என்ற குதிரை இந்த ரகத்தில் பெரிய சாம்பியன். அதன் வாரிசுகளுக்கு அழகோடு ஒரு வியாதியும் இறங்கியது. ஹெச்.ஒய்.பி.பி. என்பார்கள். திடீரென்று தசை துடிக்கும். கால் தளர்ந்து விழலாம். சில சமயம் உயிரே போகும். காரணமான மரபணுக் கோளாறை 1992-ல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குட்டி 2007 முதல் பிறந்ததானால் பதிவு கிடையாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றிருந்தால்? பதிவு உண்டு, சர்டிபிகேட்டும் உண்டு! மேலே பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது குதிரை விழுந்தால் சர்டிபிகேட்டா வந்து தாங்கும்?

பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். பெரிய உடம்புக்குச் சின்னக் குளம்பு என்பதால் முன்னங்காலில் நொண்டலும் இந்த இனத்தில் சகஜம். அதற்கு எக்ஸ்ரே. "இதுக்கு வேற தனியாச் செலவா?" என்றார் அத்தான். நான் சண்டையே போட்டேன். சாணை பிடிக்கிற டூலுக்கே நாம் கேஜ் வைத்துப் பார்க்கிறோமே!

ரிசல்ட் வந்தது. ஒற்றைப் பிரதி இருந்தது. அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குட்டியாக வாங்கிக் கூடவே வளர்க்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். லைசென்ஸ் இல்லாதவனுக்கு பிரேக் இல்லாத வண்டி கொடுக்கிற கதை அது! கடைசியில் வாங்கியது பன்னிரண்டு வயசுக் குதிரை, தரோப்ரெட் கலப்பு. பார்க்கச் சுமார்தான்.

வீடியோ காலில் தாத்தா பழைய கேள்வியையே கேட்டார். அவள் குனிந்து, நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்